வாப்பாவின் கண்ணுக்கு மூன்று கதை

கிண்ணியா
06.04.2025

பரீனாவுக்கு மதினி நுஸ்ரத் எழுதுவது. ஸலாம்.

பெருநாளுக்கு நான் அனுப்பின வட்டிலப்பம் போட்ட மூடியோடு அப்படியே திரும்பி வந்தது. நஸ்ரி அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற கோலத்தைப் பார்க்க வேண்டும். பாவம், என் தம்பிக்கு மனிசியும் பயம், ராத்தாவும் பயம். உன் போனில் என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்று என் மகள் லைலா சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. ரெண்டு மாதமாக என் போனில்தான் கோளாறு என்று கடைக்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். சரி, நஸ்ரி தினம் இங்கே வந்து மீன் எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி டவுண் மார்க்கட்டுக்குப் போகிறவன்தானே, அவன் கையில் கடிதம் கொடுத்தால் அதையும் தடுக்க ஏலாது என்றுதான் எழுதுகிறேன்.

கோபம் தீர்ந்து எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்ராவின் கண்ணை எடுத்துவிட்டுக் கொழும்பில் இருந்து நீங்கள் வந்த அன்று, என் வீட்டு ஹோலில், சொந்தக்காரர் எல்லோரும் பார்த்திருக்க நீ என்ன சொன்னாய்? "உங்கட மனிசன்ட வாடிக் கருவாட்ட ஆக்கி ஆக்கித் தந்துதான் என்ட புள்ளைட கண்ணுல புத்துநோய் வந்த." நானும் சும்மா இருக்கவில்லை. "பஸ் ஸ்டாண்டுல நிண்டு அன்னாசி திண்டது நீ, பழி எனக்கா?" என்று கேட்டனான். கேட்டது கேட்டதுதான். அதற்குப் பிறகு நீ அம்ராவைத் தூக்கிக்கொண்டு ஜமாலியாவுக்குப் போனாய், இன்னும் இந்த வாசலுக்கு வரவில்லை.

ஆனால் நேற்று நஸ்ரி சொன்னதைக் கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து மாத வயிற்றை வைத்துக்கொண்டு நீ வெறும் கஞ்சியும் அவித்த கிழங்குமாக இருக்கிறாயாம். மீன் வேண்டாமாம், முட்டை வேண்டாமாம், பொரித்தது எதுவும் வேண்டாமாம், தேத்தண்ணீர்கூட வேண்டாமாம். மிட்வைஃப் நிறுத்துப் பார்த்துவிட்டு ஏசினாளாம். போனில் எதையோ வாசித்து ஒவ்வொரு நாளும் ஒரு சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறாய் என்றான். இப்படியே போனால் தண்ணீர் மட்டும்தான் மிஞ்சும், அதிலும் குளோரின் இருக்கு என்று நாளைக்கு யாராவது எழுதுவான்.

அம்ரா வயிற்றில் இருந்தபோது நீ எப்படிச் சாப்பிட்டாய் என்று நினைத்துப் பார். உம்மா இல்லாத பிள்ளை என்று நான்தானே உன்னை இங்கே கூட்டி வந்து வைத்திருந்தேன். குசினியில் வாப்பாவின் கதிரையில் ஏறி இருந்துகொண்டு, "மதினி, அந்த ஆணத்தில இன்னும் ஒரு கரண்டி" என்று நீ கேட்பதற்காகவே நான் ஆக்கினேன். வாப்பா மௌத்தான பிறகு அந்தக் கதிரையில் ஒருத்தரையும் நான் இருக்க விட்டதில்லை. உன்னைத்தான் விட்டேன்.

என்னோடு கோபித்துக்கொண்டே சாப்பிடு. சாப்பிட்டால் கோபம் இன்னும் நல்லாக வரும்.

நுஸ்ரத்


ஜமாலியா, திருகோணமலை
09.04.2025

மதினிக்கு,

கடிதம் கிடைத்தது. நஸ்ரி அதைச் சேர்ட் பொக்கற்றில் இருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். வெடித்தாலும் வெடிக்கும் என்று நினைத்திருப்பார்.

வட்டிலப்பத்தைத் திருப்பி அனுப்பியது கோபத்தில் இல்லை. அதைத் திறந்தால் சாப்பிட்டுவிடுவேன் என்ற பயத்தில். நீங்கள் அதை நம்பமாட்டீர்கள்.

என்ன சாப்பிட்டேன் என்று நினைத்துப் பார்க்கச் சொல்கிறீர்கள். மதினி, நான் அதைத் தவிர வேறொன்றையும் நினைப்பதில்லை. அம்ராவின் கண் குழியைக் கழுவி, அந்தச் செயற்கைக் கண்ணைத் திரும்ப வைக்கும்போதெல்லாம் அந்த ஒன்பது மாதச் சாப்பாடும் வரிசையாக வந்து நிற்கிறது. காலையில் நீங்கள் அவிக்கும் பிட்டு, பழம், சீனிச் சம்பல். பகலில் கீரி மீன் பொரியல், முருங்கைக்கீரைச் சுண்டல். மழை பெய்தால் கருவாட்டு ஆணம். பின்னேரம் லைலா வாங்கி வரும் இறால் வடை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. என் உம்மா இருந்திருந்தால்கூட என்னை அப்படிப் பார்த்திருக்கமாட்டா. அந்தச் சந்தோஷத்துக்குள்தான் என் பிள்ளைக்கு விஷம் இருந்தது என்று நினைக்கும்போது நான் என்ன செய்வது? யாரையாவது ஏசத்தானே வேண்டும். அருகில் நின்றது நீங்கள்.

கர்ப்பிணிகள் பதப்படுத்தின இறைச்சி, உப்பில் போட்ட மீன் கூடுதலாகச் சாப்பிட்டால் பிள்ளைகளுக்குச் சில புற்றுநோய் வரலாம் என்று போனில் வாசித்தேன். பழமும் கீரையும் சாப்பிட்டால் வருவது குறையலாம் என்றும் வாசித்தேன். இரண்டையும் நான் சாப்பிட்டேன். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளவில்லையா என்று டொக்டர் சிவாஜினியிடம் கேட்டேன். கொழும்பில் அம்ராவைப் பார்க்கும் அந்தக் கண் டொக்டர்தான். அவ சிரிக்கவில்லை. அந்த ஆராய்ச்சிகள் வேறு புற்றுநோய்களைப் பற்றியவைதான் அதிகம், அவற்றிலும் உறுதியாக ஒன்றும் இல்லை, விழித்திரையில் வரும் இந்த நோயைத் தாயின் ஒரு தட்டுச் சோறு கொண்டுவராது என்று சொன்னா. இது அநேகமாக உடம்பின் உயிரணுக்களுக்குள் இருக்கும் பழுதாம். சில பிள்ளைகளில் அது தானாக வருமாம், சில பிள்ளைகளுக்குத் தாயிடம் இருந்தோ தகப்பனிடம் இருந்தோ வருமாம். "உங்கட ரெண்டு குடும்பத்திலயும் சின்ன வயசில கண் போன ஆக்கள் இருக்கினமா?" என்று கேட்டா. இல்லை என்று நானும் சொன்னேன், நஸ்ரியும் சொன்னார்.

அப்படியென்றால் தானாக வந்ததாகத்தான் இருக்க வேண்டும். தானாக என்றால் என்ன மதினி? ஒன்றும் தானாக வராது. அதனால்தான் கஞ்சி.

பரீனா


கிண்ணியா
15.04.2025

பரீனா,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டி வந்தது.

டொக்டர் இல்லை என்கிறா, நீ ஓம் என்கிறாய். படித்த ஆள் நீ, பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். நானோ எட்டாம் வகுப்போடு குசினிக்குள் வந்தவள். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கருவாடுதான் காரணம் என்றால் இந்தக் கரையில் எத்தனை பிள்ளைக்குக் கண் இருக்கும்? குச்சவெளியில் இருந்து மூதூர் மட்டும் வயிற்றுப் பிள்ளைக்காரி எல்லோரும் அதைத்தான் தின்கிறார்கள். என் மனிசன் இப்போது மீன் காயவைக்கும் வாடியில் கருவாட்டைப் புரட்டும்போது ஒன்றும் கதைப்பதில்லை. முந்தி பாட்டுப் பாடிக்கொண்டு புரட்டுவார்.

நீ வாப்பாவைப் பார்த்தாவது பயத்தை விட்டிருக்கலாம். அந்த மனிசனைப் போல ஒரு சாப்பாட்டுப் பிரியர் கிண்ணியாவில் இருந்ததில்லை. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு மற்றவர்கள் தட்டில் இருக்கும் பெரிய மீன் துண்டைச் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார். உம்மா ஏசினால், "காகம் ஒரு கண்ணத்தான் கொத்திட்டுப் போன, மத்தக் கண்ண மீன் பாக்கத்தான் உட்டுட்டுப் போன" என்பார். சின்னப் பிள்ளையாக முற்றத்தில் பாண் துண்டோடு இருந்தபோது காகம் வந்து கொத்தின கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பார். நான் பத்து வயது மட்டும் காகத்தைக் கண்டால் ரெண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு ஓடுவேன்.

பாலம் வர முந்தி, பஸ்ஸும் மாட்டுவண்டியும் ஆட்களுமாக ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் மிதவை, அந்தப் பாதையில் அவர் வேலை செய்தாரே, உனக்கு ஞாபகம் இருக்கும். கயிறு இழுக்கிற நேரத்தில் யாராவது பெண்பிள்ளை பலகாரப் பெட்டியோடு ஏறினால் அவர் மூக்கு அந்தப் பக்கம் திரும்பிவிடும். கலியாணம் பேசி உன்னைப் பார்க்க வந்த அன்று, "இந்தப் புள்ள எனக்குத் தெரிஞ்ச புள்ள, பாதையில எனக்கு அரியதரம் தந்த புள்ள" என்றாரே. அதோடு பேச்சு முடிந்தது. சீதனமும் பேசவில்லை, ஒன்றும் பேசவில்லை. நீ அரியதரத்தால் இந்தக் குடும்பத்துக்கு வந்தவள், இப்போது கஞ்சி குடிக்கிறாய்.

லைலாவிடம் சின்ன மீனில் கொஞ்சம் ஆணம் கொடுத்துவிடுகிறேன். உறைப்பு இல்லை. திருப்பி அனுப்பினால் நானே வந்து வாசலில் இருப்பேன்.

நுஸ்ரத்


ஜமாலியா
17.04.2025

மதினி,

அவசரமாக எழுதுகிறேன். நஸ்ரி மீன் இறக்கிவிட்டு வந்து நிற்கிறார்.

காகமா?

நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது என் வாப்பாவோடு பாதையில் கிண்ணியாவுக்கு வருவேன். அந்த அரியதர நாளில்தான் கேட்டேன், "உங்கட கண்ணுக்கு என்ன?" என்று. என் வாப்பா தலையில் குட்டினார். உங்கள் வாப்பா கயிற்றை விடாமலே சிரித்தார். வாலிப வயதில் தோணியில் விளக்கு வைத்துக்கொண்டு போனபோது முரல் மீன் துள்ளி வந்து குத்தியது என்றார். முரலின் மூக்கு ஊசி போல இருக்கும் என்று விரலால் காட்டினார். நான் அதற்குப் பிறகு முரல் சாப்பிட்டதே இல்லை. காகம் என்று நான் கேள்விப்பட்டதே இன்றைக்குத்தான்.

கடிதத்தை வைத்துவிட்டு நஸ்ரியிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "பாதைக் கயிறு அறுந்து அடிச்ச. நான் பொறக்க முந்தி" என்றார். டொக்டர் கேட்டபோது அதனால்தான் இல்லை என்று சொன்னாராம். அது விபத்துத்தானே, நோய் இல்லையே என்கிறார். நானும் முரலை நினைத்துத்தான் இல்லை என்று சொன்னேன். இருவரும் பொய் சொல்லவில்லை மதினி. ஆளுக்கொரு உண்மை வைத்திருந்தோம்.

உங்களுக்குப் பாண் துண்டோடு இருந்த பிள்ளை, எனக்கு வாலிபன், நஸ்ரிக்குப் பாதைக்காரன். ஒரு கண் மூன்று தரம் போகாது. அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். அவ்வளவு சின்ன வயதில் போயிருக்கலாம்.

மூதூரில் செய்னம்பு மாமி இருக்கிறா. வாப்பாவைத் தூக்கி வளர்த்த ராத்தா. அவவிடம் போய்க் கேளுங்கள். தயவுசெய்து. குடும்பத்தில் இருக்கிறது என்றால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி இடம் உண்டு என்று டொக்டர் சொன்னா. பிறந்த உடனே பார்த்தால் கண்ணைக் காப்பாற்றலாமாம்.

ஆணம் சாப்பிட்டேன். எழுத மறக்கப் பார்த்தேன்.

பரீனா


கிண்ணியா
02.05.2025

பரீனாவுக்கு,

பதில் பிந்தியது. நஸ்ரி தினம் வந்து கையை நீட்டினான், நான் மீன் வாளியைக் கொடுத்து அனுப்பினேன்.

செத்த மனிசனைத் தோண்டாதே. அவருக்கு என்ன கதை பிடித்ததோ அதைச் சொன்னார். பிள்ளைகளைச் சிரிக்கவைக்கிறவர் ஒரே கதையை எத்தனை நாளைக்குச் சொல்வார்?

உனக்கு இன்னும் தெரியாது, லைலாவுக்குப் பேச்சு நடக்கிறது. குச்சவெளிப் பெடியன், றிப்தி என்று பெயர். கட்டாரில் இருந்து வந்திருக்கிறான். நல்ல குடும்பம். தாய்க்காரி ரெண்டு தரம் வந்து போய்விட்டா. லைலாவும் வாயால் சொல்லவில்லை, ஆனால் போன் வந்தால் கிணற்றடிக்குப் போய்விடுகிறாள். இந்த நேரத்தில் நான் மூதூருக்குப் போய், எங்கள் ரத்தத்தில் கண் நோய் இருக்கிறதா என்று கேட்டேன் என்று வெளியில் வந்தால் என்ன நடக்கும்? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட ஏலாது. அம்ராவின் விஷயத்தையே அவர்கள் சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். அது தாய்க்காரி சாப்பிட்ட சாப்பாட்டால் வந்தது என்று சொன்னேன்.

ஓம், அப்படித்தான் சொன்னேன். நீ வெட்டினாலும் பரவாயில்லை, உன்னிடம் மறைத்து எழுத என்னால் ஏலாது.

நிக்காஹ் முடியட்டும். அதற்குப் பிறகு மூதூருக்கென்ன, மக்காவுக்கே போய்க் கேட்கிறேன்.

நுஸ்ரத்


ஜமாலியா
04.05.2025

மதினி,

வெட்டமாட்டேன். அழுதேன், அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்று எழுதுகிறேன். போன வருஷம் ஒரு பின்னேரம் கரண்ட் போய் உங்கள் வீட்டு முற்றத்தில் விளக்கு வைத்தோம். அம்ரா உங்கள் மடியில் இருந்தாள். வெளிச்சம் பட்டதும் அவளுடைய இடது கண் மின்னியது. நீங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, "ஓடி வந்து பாருங்க, என்ட மருமகட கண்ணில முத்து விளையுது" என்றீர்கள். எல்லோரும் வந்து பார்த்தார்கள். நான் போனில் படம் எடுத்தேன். எவ்வளவு சிரிப்பு. என் போனில் இன்னும் அந்தப் படம் இருக்கிறது, பார்க்கவும் ஏலாது, அழிக்கவும் ஏலாது.

அது முத்து இல்லை. அந்த வெளிச்சம்தான் நோய். அதற்கு எட்டு மாதத்துக்குப் பிறகுதான் நாங்கள் கொழும்புக்குப் போனோம். அன்றைக்கு அந்த முற்றத்தில் யாராவது ஒருவர், இப்படி ஒரு கண் நம் குடும்பத்தில் முந்தியும் இருந்தது என்று சொல்லியிருந்தால் என் பிள்ளைக்கு இன்றைக்கு ரெண்டு கண். இதில் உங்கள் பிழையும் இல்லை, என் பிழையும் இல்லை. தெரியாமல் நடந்தது.

ஆனால் இந்த முறை தெரியாது என்று சொல்ல ஏலாது. ஆகஸ்ட்டில் ஒரு பிள்ளை வரப்போகிறது. லைலாவின் கலியாணம் முடியும் வரை அதன் கண் காத்திருக்குமா?

பரீனா


கிண்ணியா
19.05.2025

பரீனா,

மூதூருக்குப் போனேன்.

என் மனிசனிடமும் சொல்லவில்லை, லைலாவை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம் மாமி ஒன்றும் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்று துஆ கேட்டுக்கொண்டு போனேன். உன்னிடம் ஏன் பொய் சொல்லவேண்டும்.

மாமிக்குக் காது மந்தம், ஞாபகம் மந்தமில்லை. நான் கேட்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஆரு புள்ள ஒனக்குச் சொன்ன?" என்று கேட்டா. ஒருத்தரும் சொல்லவில்லை, அதுதான் கேட்க வந்தேன் என்றேன்.

"அவன் நடக்கக்கூட இல்ல. கண்ணுக்குள்ள வெள்ளயா மினுங்கும், பூனக்கண் மாதிரி. நான்தான் இடுப்புல வெச்சிக்கிட்டுத் திரிவன். கொழும்புக்குக் கொண்டு போய் வெள்ளக்கார டொக்டர் எடுத்துப்போட்டாரு. அவனுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான், அவனுக்கு ரெண்டு கண்ணும் அப்பிடி. அவன் மௌத்தாப் பெய்த்தான்."

ஏன் ஒருத்தரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "எங்கட உம்மா சத்தியம் வாங்கிட்டா. நோயெண்டு சொன்னா ஆரு பொண்ணு தருவா? காகம் கொத்தினண்டு சொல்லச் சொன்னா. அவனுக்கும் அதத்தான் சொல்லி வளத்த. பொறகு அவனா ஒவ்வொரு கதை கட்டிக்கிட்டான்." சொல்லிவிட்டு மாமி லைலாவின் கன்னத்தைப் பிடித்துக் கண்ணுக்குள் பார்த்தா. நான் பிள்ளையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன் பரீனா. எழுபது வருஷத்துக்கு முந்தி அந்த உம்மா செய்ததைத்தானே நானும் செய்யப் பார்த்தேன், அதே காரணத்துக்கு.

திரும்பி வந்ததும் லைலா வீட்டு வாசலில் வைத்துத்தான், "உம்மா, நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவன்" என்றாள்.

நேற்று வாப்பா மௌத்தான நாள், வருஷக் கத்தம். நீ வரமாட்டாய் என்று தெரிந்துதான் நஸ்ரியிடம் சொல்லி அனுப்பவில்லை. அன்றைக்கு என் ஹோலில் இருந்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஓதி முடிந்து சகன் தட்டுகள் வைத்துச் சோறு போட்ட பிறகு குசினி வாசலில் நின்று சொன்னேன். "அம்ராட கண் போனது பரீனா திண்ட சாப்பாட்டால இல்ல. என்ட கருவாட்டாலயும் இல்ல. எங்கட வாப்பாட ரத்தத்தால. வாப்பாக்கும் அதே நோய்தான், எங்களுக்குத் தெரியாது. இனி ஆரும் அந்தப் புள்ளயச் சாப்பாட்டச் சொல்லிப் பேசினா இந்த வாசலுக்கு வரத் தேவையில்ல." சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. என் மனிசன் மட்டும் எழும்பி வந்து என் பக்கத்தில் நின்றார்.

குச்சவெளிக்காரருக்கும் நானே போன் எடுத்துச் சொன்னேன், ஊர் சொல்ல முந்தி. தாய்க்காரி, "சரி, யோசிச்சிச் சொல்லுறம்" என்றா. அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும். லைலா கிணற்றடிக்குப் போவதில்லை இப்போது.

நீ டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல். வாப்பாவின் பெயரையும் சொல், முஹம்மது தம்பி, கிண்ணியாப் பாதையில் வேலை செய்தவர் என்று சொல். நல்ல மனிசன் என்றும் சொல்.

நுஸ்ரத்


கொழும்பு
21.08.2025

அன்பு மதினி,

இப்போது போனில் தினம் கதைக்கிறோம், ஆனாலும் இதை எழுதத்தான் வேண்டும். போனில் சொல்லத் தொடங்கினால் இருவரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம்.

பெற்று நாற்பது நாள் முடியாமல் பச்சைப் பிள்ளையோடு வெளிக்கிட்டேன் என்று ஜமாலியாவில் கதைக்கிறார்களாம். கதைக்கட்டும். இன்று காலை டொக்டர் சிவாஜினி மகனுக்கு மயக்க மருந்து கொடுத்துக் கண்ணைப் பார்த்தா. நஸ்ரி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்துவிட்டது.

வலது கண்ணில் ஒரு புள்ளி இருக்கிறது மதினி. மிகச் சின்னப் புள்ளி. பார்வை படும் நடு இடத்தில் இல்லை, ஓரமாக. இடது கண்ணில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை. அந்தப் புள்ளியை இன்றைக்கே லேசரால் சுட்டுவிட்டார்கள். இனி மாதம் ஒரு தரம் காட்ட வேண்டும், இன்னும் புள்ளி வந்தால் வர வரச் சுட வேண்டும். ஆனால் கண் இருக்கும், பார்வை இருக்கும் என்கிறா. "இவ்வளவு சின்னதாக் கண்டுபிடிக்கிறது எங்களுக்கு அரிது. ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டா. என் மதினி என்றேன்.

நஸ்ரியின் ரத்தத்திலும் அம்ராவின் ரத்தத்திலும் அதே பழுது இருப்பதாக முடிவு வந்துவிட்டது. தனக்கு நோய் வராமலே அதைச் சுமந்து பிள்ளைக்குக் கொடுக்கவும் ஏலுமாம். நஸ்ரி அப்படித்தான். அவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "கஞ்சி வெச்சித் தரட்டா?" என்று கேட்டேன். அப்போதுதான் சிரித்தார்.

டொக்டர் ஒன்று சொல்லச் சொன்னா. நீங்களும் ரத்தம் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இருந்தால் பிறகு லைலாவும். பயப்படுத்த இல்லை. லைலாவுக்கு ஒரு நாள் பிள்ளை பிறந்தால் இன்றைக்கு என் மகனுக்குச் செய்ததைச் செய்யலாம் என்பதற்காக.

அம்ரா உங்களிடம் குழப்படி செய்கிறாளா? கண்ணைக் கழுவும்போது அழமாட்டாள், பாட்டு மட்டும் பாட வேண்டும்.

பரீனா


கிண்ணியா
14.11.2025

பரீனா,

என் ரத்த முடிவு வந்தது. எனக்கும் இருக்கிறது.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நஸ்ரியிடம் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன், அவன் திறக்கமாட்டான்.

லைலாவிடம் சொன்னேன். குச்சவெளிப் பேச்சு முறிந்தபோது அழாத பிள்ளை இதற்கும் அழவில்லை. "எனக்கும் பார்க்க வேணும், நானும் வாறன்" என்றாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. என்னைவிடத் தைரியம்.

எனக்குத்தான் தைரியம் இல்லை. நான் என் பிள்ளைக்கு என்ன கொடுத்திருக்கிறேன் என்று இருக்கும் இடமெல்லாம் அதே நினைப்பு. நீ கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தபோது உன்னைப் பைத்தியம் என்று நினைத்தேன். இப்போது விளங்குகிறது. சாப்பாடுதான் காரணம் என்றால் லேசு பரீனா. கருவாட்டைக் கோவிக்கலாம், அன்னாசியைக் கோவிக்கலாம், ஆக்கினவளைக் கோவிக்கலாம். வாப்பாவை நான் எப்படிக் கோவிக்கிறது? அந்த மனிசன் எனக்குத் தந்ததில் இது ஒன்றுதான் கெட்டது, மற்றதெல்லாம் நல்லது. அவரைப் போல மூக்கு, அவரைப் போல சிரிப்பு, அவரைப் போல வாய். இதை மட்டும் பிரித்து எடுத்து எறிய ஏலாதே.

டொக்டரைப் பார்க்க வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். என் மனிசன் வருகிறேன் என்கிறார், ஆனால் அவர் கொழும்பில் என்னைவிடப் பயந்த ஆள். எந்த வாசலால் போவது, எந்த மாடி, என்ன கேட்பார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது. உன்னிடம் நான் என்னென்ன கதைத்தேன் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. இருந்தும் கேட்கிறேன். கைப்பிள்ளையோடு கஷ்டம் என்றும் தெரியும். நீ வருவாயா?

நுஸ்ரத்


ஜமாலியா
15.11.2025

மதினி,

இதென்ன கேள்வி.

ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று, நீங்கள், லைலா, நான், மகன். அம்ராவை நஸ்ரி பார்த்துக்கொள்வார். புதன்கிழமை காலையில் டவுண் ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். சாப்பாடு நான் கட்டுகிறேன், நீங்கள் ஒன்றும் ஆக்கக்கூடாது.

அங்கே டொக்டர் முடிவை விளக்கும் அறைக்குள் கூட வந்தவர்கள் எல்லோரையும் விடமாட்டார்கள். ரத்த உறவு மட்டும்தான். கதவில் நிற்கும் நர்ஸ் மிஸ் என்னைக் காட்டி, இது யார் என்று உங்களிடம் கேட்பா. கூடப்பிறந்த தங்கச்சி என்று சொல்லுங்கள்.

பரீனா